இடம் மாறிய ஸ்டெதஸ்கோப்

கொரோனா வந்ததும் ஆஸ்பத்திரியில் மருத்துவ மாணவர்களை உள்ளே விடவில்லை. ட்ரொம்ஸோ நகரில் சுன்னிவாவுக்குச் சமையலறைதான் வார்டு. தம்பி ஏர்லிங்தான் நோயாளி. இன்று லேப்டாப் வழியே செய்முறைத் தேர்வு.

“இதயத் துடிப்பைக் கேளு,” என்றார் திரையில் பேராசிரியை ஹில்டே.

சுன்னிவா ஸ்டெதஸ்கோப்பைத் தம்பியின் நெஞ்சில் வலது பக்கம் வைத்தாள்.

“உன் கேமராவும் இடம் வலம் மாத்திக் காட்டுதா? காலையிலேர்ந்து எல்லார் வீட்லயும் இதே கூத்து!”

“இல்ல ஹில்டே, நேராத்தான் காட்டுது.”

ஏர்லிங் பால் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். எழுத்துகள் நேராகவே இருந்தன. ஹில்டேயின் முகம் சிவந்தது.

“நாலாவது வருஷம் படிக்கிறவ, வலது பக்கத்துல இதயத்தைத் தேடறியா? ஃபெயில்!”

“மொத நாள் இடது பக்கம்தான் வெச்சேன். சரியா ஒண்ணும் கேக்கல. எனக்கு இந்தப் படிப்பே வராதுன்னு ரெண்டு நாள் அழுதேன். அப்புறம்தான் சந்தேகம் வந்து இதை எடுக்கச் சொன்னேன்.”

சுன்னிவா ஓர் எக்ஸ்ரேயைக் கேமரா முன் நீட்டினாள். ஹில்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இதயம் வலது பக்கம்தான் இருக்கு!”

“நல்லா சொல்லுங்க ஹில்டே,” என்றான் ஏர்லிங். “இத்தனை வருஷமா எனக்கு இதயமே இல்லன்னுதான் இவ திட்டிட்டிருந்தா!”