ஒட்டகச்சிவிங்கி மீது ஒரு புகார்

"அந்த ஆளை முதல்ல வேற ரூமுக்கு மாத்துங்க சிஸ்டர். இது ஆஸ்பத்திரியா, சர்க்கஸ் கூடாரமா?"

தலைமையாசிரியர் கட்டிலில் படுத்தபடியே கத்தினார். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாகியும் குரல் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

டயாலிசிஸ் அறை அது. ஆறு கட்டில், ஆறு மெஷின். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். அவருக்கு இது மூன்றாவது வாரம்.

அன்று காலை வந்து படுத்ததுமே மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"இன்னைக்குத்தான் கடைசி. வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். மெஷின்ல கட்டிப்போட்டு உயிரோட இருக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"வராம இருந்தா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரேங்க..."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில்காரர் வாயைத் திறந்தார். பஸ் கண்டக்டர். கையில் ஊசி ஏறும்போதுகூட இளிக்கிற ரகம்.

"சாருக்கு என்ன உத்தியோகம்?"

"ஹெட்மாஸ்டர்."

"அடடே! ஒரு ஒட்டகச்சிவிங்கி ஸ்கூல்ல சேர வந்துச்சாம் சார். ஹெட்மாஸ்டர் அண்ணாந்து பார்த்து, 'போய் அப்பாவைக் கூட்டிட்டு வா'ன்னாராம். அது குனிஞ்சு அவர் காதுல ஒண்ணு சொல்லுச்சாம். அவ்வளவுதான், ஹெட்மாஸ்டர் பெஞ்சு மேல ஏறி நின்னுட்டாராம்!"

அறையே சிரித்தது. அவர் மனைவிகூட.

"அது காதுல என்னங்க சொல்லுச்சு?" என்று கேட்டேவிட்டாள்.

கண்டக்டரின் மெஷின் 'பீப்' என்றது. நேரம் முடிந்தது.

"மிச்சம் வெள்ளிக்கிழமை!"

முப்பத்தைந்து வருஷம் சிரித்த பிள்ளைகளை எல்லாம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர் அவர். இங்கே யாரையும் வெளியே அனுப்ப முடியவில்லை. தானே எழுந்து போகலாமென்றால் கையில் டியூப்.

"புகார் நோட்டு இருக்கா?"

சிஸ்டர் கொண்டுவந்து கொடுத்தாள். மணிமணியான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினார். 'ஆசிரியர் சமூகத்தையே கேலி செய்கிறார்' என்ற வரிக்கு அடிக்கோடு வேறு.

"நடவடிக்கை எப்போ?"

"வெள்ளிக்கிழமை வந்து பாருங்க சார்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வரமாட்டேன்னு சொன்னீங்க?"

"எழுதிக் குடுத்துட்டு வீட்ல உட்கார்ந்தா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா? என்ன நடவடிக்கைன்னு கேட்காம விடுறதா?"

அந்த அம்மாள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

நடவடிக்கை ஒன்றும் இல்லை. ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. மறுபடி காதில் ஏதோ சொன்னது. மறுபடி மெஷின் 'பீப்'. மறுபடி புகார்.

இப்படியே நாலு மாதம். ஒட்டகச்சிவிங்கி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டாவது புகாரை எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழைய புகார்களுக்காவது ஏதாவது செய்தார்களா? வாத்தியார் புத்தி, நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.

'ஒட்டகச்சிவிங்கி முடிவெட்ட வந்ததாகக் கூறி என் தொழிலை இழிவுபடுத்துகிறார்.'

'ஒட்டகச்சிவிங்கிக்குக் கல்யாண போட்டோ எடுத்ததாக என்னைக் கிண்டல் செய்கிறார்.'

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் கோணல்மாணல் எழுத்து.

'நாலாம் கட்டில் பெரியவர், ஒட்டகச்சிவிங்கி பஸ்ஸில் ஏறிய கதையைச் சொல்லி கண்டக்டர்களைக் கேவலப்படுத்துகிறார். முடிவைக் கேட்டால் செவ்வாய்க்கிழமை என்கிறார். உடனே நடவடிக்கை எடுக்கவும்.'

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாம் கட்டிலில் இப்போது படுத்திருப்பது அவர்தான்.

சிஸ்டர் மெல்லச் சொன்னாள். "சிரிக்கிறவங்க வந்துடுவாங்க சார். கோவப்படுறவங்களும் வந்துடுவாங்க. ரெண்டும் இல்லாம சுவத்தைப் பார்த்துப் படுக்கிறவங்கதான் திடீர்னு வர்றதை நிறுத்திடுவாங்க."

அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"ஏம்ப்பா, அது காதுல என்னதான் சொல்லுச்சு?"

"யாருக்கு சார் தெரியும்? அந்தப் பெரியவருக்குத் திடீர்னு மாத்துக் கிட்னி கிடைச்சிடுச்சு. கல்நெஞ்சக்காரர், முடிவைச் சொல்லாமலே வீட்டுக்குப் போயிட்டார்!"

தலைமையாசிரியர் அன்று எதுவும் எழுதாமலே நோட்டை மூடினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தாம் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். யாரிடமும் பேசவில்லை. மெஷினை மாட்டியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கண்டக்டர் வாயெடுக்கப் போனார். தலைமையாசிரியர் கையைக் காட்டி அடக்கிவிட்டு, தன் மெஷினில் மிச்சமிருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"தம்பிக்கு என்ன தொழில்?"

"டைலர்."

"அப்படியா! ஒரு ஒட்டகச்சிவிங்கி சட்டை தைக்க வந்துச்சாம். காலர் அளவு எடுக்க டைலர் ஏணி மேல ஏறினாராம். அது அவர் காதுல ஒண்ணு சொல்லுச்சாம். அவ்வளவுதான், டைலர் இஞ்ச் டேப்பைத் தன் கழுத்துலயே சுத்திக்கிட்டு..."

'பீப்'.

"மிச்சம் வெள்ளிக்கிழமை!"

டைலர் விருட்டென்று இந்தப் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர்! இங்க புகார் நோட்டு இருக்கா?"

சிஸ்டர் பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தாள்.