கோட்பாடு என்பதற்கான சைகை

அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

கோட்பாடு.

அந்தச் சொல்லுக்குச் சைகை கிடையாது.

பதினைந்து வருடமாகக் காது கேளாதவர்களுக்குக் கையால் பேசுகிறவள். கோர்ட்டில் தீர்ப்பைச் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் புற்றுநோயைச் சொல்லியிருக்கிறாள். எங்கேயும் கை மக்கர் செய்ததில்லை. இந்தச் சர்ச்சில் வந்து செய்கிறது பார்.

எதிரே வேதமுத்து. லேத் பட்டறைக்காரர். வியாழக்கிழமை கல்யாணம். அதற்குள் போதகரின் கேள்விக்கு 'ஆம்' சொல்லிச் சபையின் முழு உறுப்பினராக வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சர்ச்சில் கல்யாணம் இல்லை. அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. இரண்டாவது வரிசையில் கல்யாணப் பெண் கிரேஸ்லின். அவளுக்கும் காது கேட்காது.

"திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக்கொள்கிறீரா?"

உறுப்பினராகச் சேர வந்த பதினொரு பேர் மூச்சுவிடாமல் ஆம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் இவர்.

குறுக்குவழி ஒன்று இருந்தது. 'சட்டம்' என்று காட்டிவிடலாம். உள்ளங்கையில் முஷ்டியால் ஒரு குத்து. வேதமுத்து உடனே தலையாட்டுவார்.

அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சைகையில் பேசினால் கையைக் கட்டிப்போட்ட ஹாஸ்டலில் வளர்ந்தவர் அவர். சட்டம் என்றாலே ஆடப் பழகிய தலை. அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொடுக்க அவள் இங்கே வரவில்லை.

சைகை இல்லாவிட்டால் போகட்டும், கை இருக்கிறதே.

தோளுக்குப் பின்னால் வெகுதூரம் காட்டினாள். ரொம்பக் காலத்துக்கு முன். பலர் கூடினார்கள். யோசித்தார்கள். சண்டை போட்டார்கள். ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

அந்த முடிவைத் திரட்டி உள்ளங்கையில் வைத்தாள். கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

வேதமுத்து அந்த வெறுங்கையை உற்றுப் பார்த்தார். பிறகு, இல்லாத பொருளை எடுத்து, கடைந்து முடித்த சாமானைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கிரேஸ்லின் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

அவர் கைகள் ஏதோ கேட்டன.

"என்னம்மா சொல்லுதாரு? ஆம்னுதான?" போதகர் பேனாவோடு காத்திருந்தார்.

மாற்றிச் சொல்லலாம். போதகருக்குத் தெரியப்போவதில்லை. கல்யாணமும் நல்லபடியாக நடக்கும். ஆனால் அவளுக்கு அந்த ஆசை வரவேயில்லை.

"கோட்பாட்ட முடிவு பண்ண அந்தக் காலத்துல சண்ட போட்டாங்களே, அதுல காது கேக்காத எங்க ஆளுக யாராவது இருந்தாங்களான்னு கேக்காரு, ஐயா."

போதகர் பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "இருந்திருக்க மாட்டாங்க."

பூசி மெழுகாமல் அதை அப்படியே காட்டினாள்.

வேதமுத்து சிரித்தார். கல்யாண மாப்பிள்ளையின் சிரிப்பு. பதில் விறுவிறுவென்று வந்தது. ஒரு அசைவையும் விடாமல் அவள் அதற்குக் குரல் கொடுத்தாள், சர்ச் முழுக்கக் கேட்கும்படி.

"இருக்கட்டும், ஏத்துக்கிடுதேன். ஆனா, அடுத்த தடவ சண்ட போடும்போது எங்களையும் கூப்பிடணும்."

போதகர் பதிவேட்டில் குனிந்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஒற்றைச் சொல் எழுதியவர், இந்தப் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டேயிருந்தார்.

கட்டம் போதவில்லை. பக்கத்தைத் திருப்பினார்.