ஏழு வாள் ஆழ்வாப்பிள்ளை

"மரம் அரியிற மிசின் ஏழு வைச்சிருக்கிறீர். தேர் வீதியிலை வேப்பமரம் விழுந்து கிடக்கு. ஒண்டைக் கொண்டுவந்து அரிஞ்சுவிட ஏலாதோ?"

கோயில் தலைவர் விநாயகமூர்த்தி முற்றத்தில் நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் புளியங்கூடல் ஊரில் பாதி நின்றது.

ஆழ்வாப்பிள்ளை மடியில் கிடந்த மிசின்வாளின் பற்களை அரத்தால் ராவிக்கொண்டே சொன்னார்.

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"இவள் சுவீடன்காரி. வயது முப்பதாகுது. வேம்பு இவளுக்கு ஒத்துவராது."

"அப்ப மற்றது?"

"அது ஜேர்மன்காரி. சோளகக் காத்துக்கு ஸ்ராட் எடுக்கமாட்டாள்."

ஆழ்வாப்பிள்ளை வன்னியில் மரம் அரிந்து விற்கும் மரக்காலைகளில் கிளாக்கராக இருந்தவர். பழசாகிவிட்டதென்று முதலாளிமார் எறிந்த வாள்களையெல்லாம் இரும்பு விலைக்கு வாங்கிச் சேர்த்தார். எண்பத்துமூன்றாம் ஆண்டில் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது உடுப்பு ஒரு பெட்டி. வாள் ஏழு சாக்கு.

ஞாயிறு காலையில் ஏழுக்கும் பூசை நடக்கும். பெற்றோலும் எண்ணெயும் கலந்து ஊற்றுவார். கயிற்றை இழுத்து உறுமவிடுவார். கண்ணை மூடிக் காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு நிற்பாட்டித் துடைத்து, சாக்கால் போர்த்துவிடுவார். அந்த வாள்கள் ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு முருங்கைக் கொப்பைக்கூடத் தொட்டதில்லை.

"இஞ்சை பாரும்," தலைவர் குரலைத் தாழ்த்தினார். "கோடாலிக்காரன் குருசுமுத்துவைப் பிடிச்சால் ரெண்டு நாள் கூலி குடுக்கவேணும். சோறும் குடுக்கவேணும். உம்மட்டைச் சும்மாதானே கிடக்கு. சுவாமி காரியமெல்லோ?"

"சுவாமி காரியமெண்டால் சுவாமியின்ரை காசிலை குருசுவுக்குக் கூலியைக் குடுங்கோவன்."

அவ்வளவுதான். சனம் கொதித்தெழும்பியது.

"கஞ்சன்!"

"சாகேக்கை உதுகளையும் பாடையிலை ஏத்திக்கொண்டு போகட்டும்!"

சனம் வெளியேற, தெருப் படலை அடித்துச் சாத்தப்பட்டது. மனைவி சறோஜினிதேவி குசினிக்குள்ளிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இனி நான் என்னெண்டு கோயிலடிக்குப் போறது?"

ஆழ்வாப்பிள்ளை அரத்தைக் கீழே வைத்தார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"உனக்கு மட்டும் சொல்லுறன், சறோ. இந்த ஊரிலை மரம் தறிக்கிறதெண்டால் குருசுமுத்து ஒருத்தன்தான். நான் ஒருக்கா இதை றோட்டிலை இறக்கினால், பிறகு வீட்டுக்கு வீடு என்னைத்தான் கூப்பிடுவினம். அவனை ஆர் தேடுவினம்? அவன்ரை பிள்ளையள் என்னத்தைச் சாப்பிடுறது? அந்தக் குடும்பத்துக்காகத்தான் நான் கெட்டபேர் வாங்குறன்."

அன்றைக்கு அவருடைய தேத்தண்ணியில் சீனி கூடுதலாக விழுந்தது.

வேறு வழியில்லாமல் தலைவர் குருசுமுத்துவைக் கூப்பிட்டார். இரண்டு நாளும் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை கோடாலிச் சத்தம் கேட்டது. ஆழ்வாப்பிள்ளை கதிரையில் சாய்ந்திருந்து, ஒவ்வொரு கொத்தும் தான் போட்ட சோறு என்பதுபோலத் தலையாட்டிக் கேட்டார்.

தேர் ஓடியது. வடம் பிடிக்கப் போனபோது அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள். ஆழ்வாப்பிள்ளை அதற்கும் கவலைப்படவில்லை. தியாகி என்றால் இதையெல்லாம் தாங்கத்தானே வேணும்?

மறுநாள் குருசுமுத்து அவர் வீட்டுப் பக்கமாகப் போனான். வலது கையைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

சறோஜினிதேவிக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆழ்வாப்பிள்ளை, "உதையெல்லாம் என்னத்துக்குச் சொல்லுறாய்?" என்று ஒப்புக்குத் தடுத்தார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

குருசுமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் உங்களைப் பிழையாய் நினைச்சுப்போட்டன், ஐயா. தோள்மூட்டு விலகேக்கை உங்களைத்தான் திட்டினனான். மாதா என்னை மன்னிக்கட்டும்."

"அதுக்கென்ன, குருசு. தெரியாமல்தானே."

"ஆனால் ஐயா, என்ரை குடும்பத்தை நினைச்சுத்தான் எண்டால் ஒரு வழி இருக்கு." குருசுமுத்து எழும்பி நின்றான். "அந்த ஏழிலை ஒண்டை என்னட்டைத் தாங்கோ. எப்பிடி இயக்கிறது எண்டு ஒருக்காக் காட்டிவிட்டால் காணும். பெற்றோல் நான் ஊத்துறன். மரமும் கெதியாய்த் தறிபடும், கூலியும் எனக்குத்தான் வரும், என்ரை தோளும் தப்பும்."

"அட, நல்ல யோசனையெல்லோ!" சறோஜினிதேவி கையைத் தட்டினாள். "இஞ்சேருங்கோ, குடுங்கோவன்!"

ஆழ்வாப்பிள்ளையின் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. காய்ப்புக் காய்த்த குருசுமுத்துவின் கையைப் பார்த்தார். கொட்டிலுக்குள் போர்த்து வைத்திருந்த சாக்குகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பெரிசு வேண்டாம், ஐயா. உள்ளதுக்குள்ளை சின்னனாய் ஒண்டு..."

ஆழ்வாப்பிள்ளை எழும்பிப் போனார். கொட்டிலைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வந்து, குருசுமுத்துவின் நல்ல தோளில் கையை வைத்துக் கனிவாகச் சொன்னார்:

"மிசின் பிடிச்சால் மனிசன் சோம்பேறியாய்ப் போடுவான், குருசு. உம்மை அப்பிடிப் பாக்க என்ரை மனம் தாங்காது."