ஒயின் ஊத்துற பொண்ணு

மதுராந்தகத்துக்கு ஹெலனைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்ததும், மாப்பிள்ளையின் அப்பா ஏசுபாதம் ஆரம்பித்தார்.

"இன்னா வேலம்மா?"

"மாபலிபுரம் ரிசார்ட்ல ஒயின் ஊத்துறேன் மாமா."

"அய்யய்யோ! நீயும் குடிப்பியா?"

"மோந்து பாப்பேன், ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன். எந்தத் திராட்சைன்னு கஸ்டமருக்குச் சொல்லணும்ல? காபர்னேக்குத் தோலு தடிப்பு, அதனால துவர்க்கும். மெர்லோ சாதுவா எறங்கும். ஷிராஸ்ல மொளகு வாசன வரும். வெள்ளையில செனின் பிளாங்க், லேசா புளிக்கும்."

ஹெலனின் அம்மா முந்தானையைப் பிசைந்தாள். இந்த வேலையால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

"குடிகாரனுக்கு ஊத்துற கையி எங்க வூட்டுக்கு ஆவாது" என்றார் ஏசுபாதம். "எம்புள்ள ஹேமந்த் ஒரு சொட்டு தொட்டதில்ல. வேலய வுட்டுடு, இன்னிக்கே பூ வெச்சிடலாம்."

"சரின்னு சொல்லுடி" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

ஹெலன் எழுந்து நின்றாள்.

"காபி குடுக்கும்போதே வாசன வந்துச்சி மாமா. உங்க புள்ள வாயில காபர்னேயும் இல்ல, மெர்லோவும் இல்ல. மட்டமான பிராந்தி. அத மறைக்க ஏலக்கா மென்னுகினு கீறாரு."

ஹேமந்த் மெல்லுவதை நிறுத்தினான்.

"வேலய வுட மாட்டேன்" என்றாள் ஹெலன். "மாப்ளய வுட்டுட்டேன்."