தலையில் பட்ட கால்

"மாஸ்டர், சாயங்கால வகுப்பை எனக்குக் குடுங்க."

கேட்டுவிட்டேன். நான் இந்த யோகா நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே வரவேற்பு மேசை அக்கா சொல்லிவைத்திருந்தாள்: எதை வேண்டுமானாலும் கேள், வகுப்பை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே. அவராகத்தான் தரவேண்டும்.

விரிப்புகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மாஸ்டர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் எரிச்சல்.

"விருச்சிகாசனம் போடும்மா. பாதம் தலையைத் தொடட்டும், அப்புறம் பேசலாம்."

முன்கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களைத் தூக்கினேன். முதுகை வளைத்தேன். தேள் கொடுக்கு மாதிரி கால்கள் தலைக்கு மேலே வந்து நின்றன. அதற்குக் கீழே ஒருநாளும் இறங்கியதில்லை.

அவர் என்னைச் சுற்றி நடந்தபடி வகுப்புக்கு விளக்கினார். ஆணவம் குடியிருப்பது தலையில். தன் தலையைத் தன் காலாலேயே மிதிப்பவனுக்கு 'நான்' செத்துப்போகும்.

என் அப்பா கண்டவன் முன்னாலெல்லாம் தலை குனிந்து நின்றவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் தலை இது. நிமிர்ந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மிதிக்க வேண்டுமாம்.

தோள்கள் நடுங்கின. மூச்சை விட்டு இன்னும் கொஞ்சம் வளைந்தேன்.

உள்ளங்கால் உச்சியில் பட்டது. சூடாக இருந்தது.

கை தட்டினார்கள். வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இறங்கி எழுந்தேன். "இப்பக் குடுங்க."

"பாத்தீங்களா?" அவர் வகுப்பைப் பார்த்துக் கையை விரித்தார். "கால் தலையைத் தொட்டுடுச்சு, ஆணவம் மட்டும் எறங்கல. படிச்ச பொண்ணுல்ல! இதை நம்பி எப்படி வகுப்பைக் குடுக்கறது?"

கை தட்டியவர்களே சிரித்தார்கள்.

வாசலில் அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏன்டி இப்படிப் பண்ண? வாயை மூடிட்டு இருந்திருந்தா தானா வந்திருக்கும்ல?"

அவளுக்குத் தெரியாது. நேற்றே மாஸ்டர் தன் மருமகனை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து சாயங்கால வகுப்பு அவனுக்கு. சுவரில் சாயாமல் தலைகீழாக நிற்க அவனுக்கு வரவில்லையாம். அதற்குள் நான் கற்றுக்கொடுத்துவிட வேண்டுமாம்.

சரி மாஸ்டர் என்று தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். தூங்கவில்லை.

இனி எங்கே வேலை தேடுவது, அப்பாவிடம் என்ன சொல்வது, ஒன்றும் தெரியாது. ஒருமுறையாவது எல்லார் முன்னாலும் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன்.