ஆறாவது சுற்று

ஐந்தாவது சுற்றையும் குமரவேல் இழுத்துத்தான் சுற்றினான்.

டாக்டர் சுபத்ரா எலும்பை நேராக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார். மாவுக்கட்டு போடுவது அவன் வேலை. தாம்பரத்தில் பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறான்.

ஜெயஸ்ரீக்கு ஏழு வயது. சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தன.

"பாத்துப் போடுய்யா. எனக்கு ஒரே பேத்தி," என்றார் தலைமாட்டில் நின்ற ஜெயவேலு. முடிச்சூரில் பாதி மனைகள் அவர் விற்றவை.

குமரவேல் நிமிரவில்லை. உள்ளே வந்தபோது அந்த முகத்தை ஒருமுறை பார்த்ததே போதும்.

ஆறாவது சுற்று.

"அங்கிள், விரல்லாம் மரத்துப் போவுது."

விரல் நுனிகள் வெளுத்திருந்தன. ஒரு நகத்தை அழுத்தி விட்டான். ரத்தம் திரும்பவில்லை. இப்படியே காய்ந்து, உள்ளே வீங்கவும் ஆரம்பித்தால் அந்தக் கை பிறகு எதற்கும் உதவாது. அது தெரியாமல் அவன் இறுக்கவில்லை.

சட்டென்று கத்தரியை எடுத்து ஈரக்கட்டை நீளவாக்கில் வெட்டினான். குழந்தை பயந்து வீறிட்டாள்.

ஜெயவேலு அவன் காலரைப் பிடித்துவிட்டார். "இன்னாய்யா பண்ற? வேல தெரியாதவனையெல்லாம் வெச்சிக்கினு ஆஸ்பத்திரி நடத்துறீங்களா?"

சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர் குழந்தையின் விரல்களைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இவ்ளோ டைட்டாவா போடுவீங்க குமரவேல்? காலையில எக்ஸ்பிளனேஷன் லெட்டரோட என்னை வந்து பாருங்க."

"தப்பாயிடுச்சு மேடம்."

பஞ்சை இன்னும் ஒரு மடிப்பு வைத்து, டாக்டர் பக்கத்திலேயே நிற்க, முதலிலிருந்து சுற்றினான். தளர்வாக. விரல்கள் சிவந்தன. அசைக்கச் சொன்னான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஐந்தையும் அசைத்தாள்.

பேத்தியைத் தூக்கிக்கொண்ட ஜெயவேலு வாசலில் நின்று திரும்பினார். "உன்ன சும்மா வுட மாட்டேன். எந்த ஊருய்யா நீ?"

"முடிச்சூர்தான் சார். முன்னாடி உங்க பின்தெருவுல இருந்தோம்."

அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. போய்விட்டார்.

வெள்ளம் வந்த வருடம், மார்பளவு தண்ணீரில், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு குமரவேல் அவர் கேட்டைத் தட்டினான். மாடியில் நின்றிருந்தவர், "வேற வூடு பாரு" என்றார்.

வேறு வீட்டுக்குக் குமரவேல் போய்ச் சேர்ந்தான். மகள் வந்து சேரவில்லை.