கல்லுதான் வேணும்

"அந்தக் கல்லை எடுத்துக் கொடும்மா."

"வேண்டாம் சார். தர முடியாது."

செல்லப்பிராணிக் கடையில் சேர்ந்து இன்னும் முதல் சம்பளம்கூட வாங்காத பெண் அவள். வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏன், அது விக்கிறதுக்கு இல்லையா?"

"விக்கிறதுக்குத்தான். உங்க பல்லிக்கு ஆகாது."

மகள் ஆசைப்பட்டாள் என்று பல்லி வளர்க்கக் கண்ணாடித் தொட்டி வாங்கியிருந்தார் அவர். குளிருக்கு இதமாக உள்ளே வைக்க, கரண்டில் சூடாகும் கல் ஒன்று வேண்டும். அலமாரியில் அது குட்டிப் பாறை மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது.

"கல்லு ஒரே சீரா சூடாகாது சார். வயிறு வேகுறது பல்லிக்குச் சட்டுனு உறைக்காது, சுகமா இருக்குன்னு படுத்தே கிடக்கும். இந்தப் பீங்கான் ஹீட்டரை மேலே தொங்க விடுங்க. சுத்திக் கம்பிக்கூடு மாட்டிட்டா பல்லி அதைத் தொடவே முடியாது. சூடு ஏறினா தானா அணைக்கிறதுக்கு இந்த தெர்மோஸ்டாட்."

"விலை கூடினதை என் தலையில கட்டப் பாக்குறே."

"சத்தியமா இல்ல சார்."

"காட்டுல அது வெயில்ல காஞ்ச பாறையில படுக்கலையா?"

"வெயில் மேலேருந்துதானே சார் வருது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'போற இடத்துல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு' என்று அம்மா தினமும் சொல்லித்தான் அனுப்புகிறாள். வீட்டில் சம்பாதிக்க இப்போது அவள் ஒருத்திதான். ஆனால் போன வாரம் ஒருவர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து காட்டிய பல்லி, வேறெங்கோ வாங்கின இதே மாதிரி கல்லில் படுத்தது; வயிறு முழுக்கக் கொப்புளம். அது கண்ணை விட்டுப் போகவில்லை.

"என் கையால எடுத்துத் தர மாட்டேன் சார்."

அவர் போட்ட சத்தத்தில், உள்ளே மீன்தொட்டி கழுவிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"உங்க கடைப் பொண்ணு எனக்குப் பாடம் நடத்துது மேடம். நான் எதிர்க்கடைக்கே போயிருக்கணும்!"

அக்கா அவளை முறைத்தாள். "படிச்ச திமிரா? கேட்டதைக் கொடுக்கத்தானே உன்னை வச்சிருக்கேன்?"

"வேற எது சொன்னாலும் செய்றேன் அக்கா. இது மட்டும் முடியாது."

"அப்ப ஓரமா நில்லு. இன்னொரு வார்த்தை பேசினே, இன்னைக்கே கிளம்பிடு."

அக்காவே கல்லைக் கீழே இறக்கினாள். "கரண்ட்ல போட்டுப் பாத்துக் கட்டித் தர்றேன் சார், உக்காருங்க" என்று உள்ளே போனாள். டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது. பெட்டியை வாங்கிக்கொண்டவர், 'எப்படி, வாங்கிட்டேன் பாத்தியா' என்பதுபோல் ஓரமாக நின்றவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நான் வர்றேன் அக்கா. தெரிஞ்சே ஒரு உசுரைப் பொசுக்கிட்டு என்னால இங்க நிக்க முடியாது."

"போறவ, உள்ளே மேஜை மேல கிடக்கிறதை அலமாரியில வச்சிட்டுப் போ."

போய்ப் பார்த்தாள். மேஜை மேல் அந்தக் கல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா! அப்ப பெட்டியில?"

"நீ சொன்ன ஹீட்டர்தான். கூடு, தெர்மோஸ்டாட், மாட்டுற விதம் எழுதின சீட்டு, எல்லாம் உள்ளே இருக்கு."

"பிரிச்சுப் பாத்துட்டுச் சண்டைக்கு வருவாரே!"

"போன் வரும். 'ஐயோ, அவசரத்துல மாத்திக் கட்டிட்டேன் சார், அது விலை கூடினது, தயவுசெஞ்சு திருப்பிக் கொடுத்துடுங்க'ன்னு கெஞ்சுவேன். கல்லு விலைக்கே கிடைச்சதை அப்புறம் எவன் திருப்பிக் கொண்டு வருவான்? அன்னைக்கே மாட்டிடுவான்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "கல்லே இல்லைன்னு சொல்லிடலாமே அக்கா?"

"சொன்னா எதிர்க்கடைக்குப் போவான். அங்கே நிஜமாவே கொடுத்துடுவாங்க."

அக்கா கல்லை வாங்கி, தூசி தட்டி, பழைய இடத்தில் வைத்தாள்.

"கடை திறந்த நாள்லேருந்து நான் இந்த ஒரே கல்லைத்தான்டி வித்துக்கிட்டிருக்கேன்."